பதிவில் மைனஸ் 18, பெட்டிக்குள் கட்டியான இறால்: நட்டம் யாருடையது?

வடமராட்சியில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இடியப்பம், பிட்டு, வெட்டிய முருங்கைக்காய், அவித்த பனங்கிழங்கு எல்லாம் வீட்டோடு சேர்ந்த சிறு ஆலையில் செய்து, உறையவைத்து, கொழும்புக் கடைகளுக்குக் கொடுத்துவந்தவர். ரொறன்ரோவில் கடை வைத்திருக்கும் மாமாவின் மகன் கேட்டதால், முதன்முறையாக ஒரு 20 அடி ரீஃபர் (குளிரூட்டும் இயந்திரம் உள்ள) கொள்கலனைக் கப்பலில் அனுப்பியிருக்கிறார். தன்னுடைய பொருட்களோடு, அங்கீகாரம் பெற்ற கடலுணவு ஆலை ஒன்றில் வாங்கிய இறாலும் நண்டும் சேர்த்து, 10 கிலோப் பெட்டிகள் 900 அளவில். கொள்கலனை யாழ்ப்பாணத்துக்கே வரவழைத்து, மத்தியானம் ஏற்றத் தொடங்கி, பொழுதுபட முடித்து, இரவோடு இரவாக ஏ9 வீதியால் கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். இறால் லொறி பிந்தி வந்ததால் இறால் பெட்டிகள் கடைசியாக, கதவுப் பக்கம் ஏறின.

மொன்றியலில் இறங்கி ரொறன்ரோ போய்ச் சேர்ந்து கதவைத் திறந்தபோது கதவுப் பக்கத்து 200 பெட்டி வரை அமுங்கிப்போய்க் கிடந்தன. இறால் பைகளுக்குள் ஒரு மூலையில் ஐஸ் கட்டி. மச்சான் கொள்கலனை வெறுமையாக்கித் திருப்பி அனுப்பிவிட்டு, இரண்டாம் நாள் அங்குள்ள கப்பல் முகவருக்கு வட்ஸ்அப்பில் படங்கள் போட்டிருக்கிறார். கொஞ்சத்தைக் குறைந்த விலைக்கு விற்று, மிச்சத்தைக் கொட்டிவிட்டாராம். விலையில் 40 வீதத்தை இன்னும் தரவில்லை. கப்பல் கம்பனி ஒரு பக்க அறிக்கை அனுப்பி "பயணம் முழுக்க மைனஸ் 18" என்கிறது. காப்புறுதிக் கம்பனியும் கைவிரித்துவிட்டது. இதெல்லாம் நடந்து ஏழு மாதம். "கப்பல் கம்பனிமேல் வழக்குப் போடலாமா? மூன்று நாளுக்குள் எழுதிக் கொடுக்காதபடியால் எல்லாம் முடிந்தது என்கிறார்களே? சி.ஐ.எஃப். (கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த) விலைக்கு விற்றபடியால் கனடா வரைக்கும் நான்தானே பொறுப்பு?" என்று கேட்கிறார். அடுத்த கொள்கலன் பற்றியும் சில கேள்விகள். அவற்றைக் கடைசியில் பார்ப்போம்.

சகோதரி, வழக்குப் போடுவதா விடுவதா என்பதை முடிவெடுக்கத் தேவையான காகிதம் இன்னும் உங்கள் கையில் இல்லை. அதை எடுக்கும்வரை உரிமை காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போதைய வேலை. அதனால் நாளைக் கணக்கில் இருந்தே தொடங்குகிறேன்.

உங்களுக்கு மிச்சம் ஐந்து மாதமா, இரண்டு மாதமா?

கடல்வழிச் சரக்குக்கு இலங்கையில் 1982 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கனடாவிலும் ஏறத்தாழ இதே விதிகள்தான். ஹேக்-விஸ்பி விதிகள் என்பார்கள். இவற்றின்படி, சரக்கு கையளிக்கப்பட்ட நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அந்த நாள் கடந்தால் கப்பல் கம்பனி முழுப் பொறுப்பில் இருந்தும் விடுபட்டுவிடும். "கதைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்", "மின்னஞ்சல் போட்டிருக்கிறோம்" என்பதெல்லாம் கணக்கில் வராது.

உங்களைப் பயமுறுத்திய அந்த மூன்று நாள் வேறு விஷயம். வெளியே தெரியாத சேதத்தை மூன்று நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று விதி சொல்வது சரிதான். அறிவிக்காவிட்டால், கப்பல் சரக்குப் பத்திரத்தில் சொன்னபடியே நல்ல நிலையில் சரக்குக் கிடைத்தது என்று முதற்பார்வைக்கு எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மாறாக நீங்கள் நிரூபிக்கலாம், வழி அடைபடவில்லை. அதோடு உங்கள் மச்சான் இரண்டாம் நாளே வட்ஸ்அப்பில் படங்களோடு எழுதியிருக்கிறார். அதை எழுத்து மூல அறிவித்தல் என்று வாதிட நல்ல இடம் இருக்கிறது. அந்த உரையாடலை அழிக்கவேண்டாம், போனை மாற்றவும் வேண்டாம் என்று இன்றைக்கே அவருக்குச் சொல்லுங்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. நீங்கள் கப்பல் கம்பனியோடு நேரே கதைக்கவில்லை, ஒரு சரக்கு முகவர் ஊடாகத்தான் இடம் பிடித்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்கள் கையில் இருக்கும் பி.எல். (அந்தச் சரக்குப் பத்திரம்) கப்பல் கம்பனி தந்ததா, முகவர் தன் பெயரில் தந்ததா? தலைப்பில் யாருடைய பெயர் என்று பாருங்கள். முகவருடையது என்றால் பின்பக்கத்துச் சிறிய எழுத்தை வாசியுங்கள். ஃபியாட்டா என்ற சர்வதேச முகவர் சங்கத்தின் மாதிரிப் பத்திரத்தில் வழக்குக்கான காலம் ஒன்பது மாதம் மட்டும்தான். அந்தப் பத்திரம்தான் உங்களிடம் இருக்கிறது என்றால் மிச்சம் இருப்பது இரண்டு மாதம்.

எதுவாக இருந்தாலும், இந்தக் கிழமையே கப்பல் கம்பனிக்கும் முகவருக்கும் தனித்தனியாக, காலக்கெடுவை ஆறு மாதம் நீட்டித் தரும்படி எழுதிக் கேளுங்கள். வழமையான கோரிக்கைதான் இது, பெரும்பாலும் தருவார்கள். பதில் தெளிவான எழுத்தில், பி.எல். இலக்கத்தோடு வரவேண்டும். தராவிட்டால் ஒரு சட்டத்தரணியைப் பிடித்து, காலம் முடிய முதல் வழக்கைப் பதிந்தே ஆகவேண்டும். எந்த நாட்டு நீதிமன்றம் என்பதும் பின்பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் இறங்கிய துறைமுகம் கனடாவில் இருப்பதால், பத்திரம் வேறு நாட்டைச் சொன்னாலும் கனடாவில் வழக்குத் தொடுக்க அந்த நாட்டுக் கடல்சார் பொறுப்புச் சட்டத்தின் 46 ஆம் பிரிவு இடம் தருகிறது.

அந்த ஒரு பக்க அறிக்கை

கப்பல் கம்பனியின் அறிக்கை பொய் என்று எழுதியிருக்கிறீர்கள். பொய்யாக இருக்கவேண்டியதில்லை. அறிக்கை உண்மையாகவும் இறால் உருகியதாகவும் ஒரே நேரத்தில் இருக்கலாம்.

ரீஃபர் கொள்கலன் எதையும் உறையவைப்பதில்லை. அதைச் சுடுதண்ணி ஃபிளாஸ்க் மாதிரி நினையுங்கள்: கொதித்த தண்ணியைச் சூடாக வைத்திருக்கும், பச்சைத் தண்ணியைக் கொதிக்க வைக்காது. மைனஸ் 18 பாகையில் ஏற்றியதை அதே நிலையில் காக்கத்தான் அந்த இயந்திரம். மைனஸ் 8 இல் ஏற்றிய பெட்டியை அது கீழே இறக்க நாட்கணக்கில் எடுக்கும், பெட்டியின் நடுப்பகுதி கடைசியாகத்தான் குளிரும். பதிவாவதும் காற்றின் வெப்பநிலை, இறாலின் வெப்பநிலை அல்ல.

பதிவில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று இயந்திரத்தில் இருந்து தரை வழியாகச் சரக்குக்குப் போகும் காற்று. மற்றது சரக்கைச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும் காற்று. கதை முழுக்க அந்தத் திரும்பி வரும் காற்றில்தான் இருக்கிறது. கொழும்பில் மின்சாரம் கொடுத்த நேரத்தில் அது மைனஸ் 6 இல் நின்று, மைனஸ் 18 க்கு வர மூன்று நான்கு நாள் எடுத்திருந்தால் சரக்கு சூடாகவே துறைமுகத்துக்கு வந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்பு வரை பதிவு அறுந்தோ மின்சாரம் இல்லை என்று குறித்தோ இருந்தால் வீதியில் ஜென்செட் (கொள்கலனுக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டர்) ஓடவில்லை. முதல் கிழமை ஒழுங்காக இருந்து, நடுவில் கப்பல் மாற்றிய துறைமுகத்தில் ஒன்றரை நாள் இடைவெளி தெரிந்தால், அது கப்பல் கம்பனியின் கழுத்தில் விழும்.

உங்களுக்குத் தந்திருக்கும் பக்கம் கப்பலில் ஏறிய நாளில் இருந்துதான் தொடங்குகிறது. ஆகவே வெறும் கொள்கலன் முற்றத்தை விட்டு வெளியேறியதில் இருந்து வெறுமையாகத் திரும்பி வந்தது வரைக்கும் முழுப் பதிவையும் கேளுங்கள். கொள்கலன் இலக்கத்தைப் போட்டு, "மூலக் கோப்பு வேண்டும், சுருக்கம் வேண்டாம்" என்று எழுதுங்கள். இயந்திர நினைவகத்தில் பழைய பதிவின்மேல் புதியது ஏறிக்கொண்டே இருக்கும், அதனால் பதிவைப் பாதுகாக்கும்படியும் அதே கடிதத்தில் கோருங்கள். வெறும் கொள்கலனைத் தர முன்னர் செய்த பரிசோதனைச் சான்றிதழும், கொழும்பில் வாசலுக்குள் நுழைந்தபோது வெப்பநிலை குறித்த சீட்டும் கூடவே வேண்டும்.

இன்னொன்று, உங்கள் மச்சானிடமே இருப்பது. இறால் பைக்குள் ஐஸ் எந்த மூலையில் என்று அவர் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெட்டி கொள்கலனில் எப்படி அடுக்கப்பட்டிருந்ததோ, அந்த நிலையில் அடிப்பக்கம் ஆகும் மூலையில் ஐஸ் இருந்தால், அனேகமாக அடுக்கிய பிறகுதான் உருகியிருக்கிறது. அடுக்கிய நிலைக்குப் பொருந்தாத ஒரு பக்கத்தில் ஐஸ் தேங்கியிருந்தால், பெட்டி வேறு விதமாகக் கிடந்த நேரத்தில், அதாவது லொறியிலோ உங்கள் முற்றத்திலோ உருகித் திரும்ப உறைந்திருக்கிறது. சரக்கு மதிப்பீட்டாளர்கள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

என் கணிப்பைக் கேட்டால், உங்களுக்குப் பிடிக்காத பதில்தான் வரும். மத்தியான வெயிலில் கதவைத் திறந்துவைத்து மணிக்கணக்காக ஏற்றியது, கடைசியாக வந்த இறால் கதவுப் பக்கம் போனது, கதவுப் பக்கமே கூடுதலாகப் பழுதானது, ஜென்செட் ஓடியதா என்று உங்களுக்கே தெரியாதது: இத்தனையும் சேர்ந்து சரக்கு கொழும்புக்கு வரும்போதே இளகியிருக்கும் என்ற பக்கம்தான் சாய்கின்றன. அப்படியென்றால் கப்பல் கம்பனியோடு வழக்காடுவது காசை மீண்டும் கடலில் போடுவது. பி.எல்.லில் அனேகமாக "ஏற்றியதும் அடுக்கியதும் எண்ணியதும் அனுப்புநரே" என்ற வசனமும் இருக்கும். ஆனால் ஜென்செட்டுக்குத் தனியாகக் காசு கட்டியிருக்கிறீர்கள், பற்றுச்சீட்டு இருக்கிறது என்கிறீர்கள். அதை ஓடவிடாமல் போயிருந்தால் பிரைமூவர் (கொள்கலனை இழுத்த லொறி) உரிமையாளரிடம் நட்டஈடு கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அது இலங்கைக்குள் நடந்த ஒப்பந்தம். எழுத்து ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்மொழிக்கு மூன்று வருடம் என்று எங்களுடைய காலவிதிப்புச் சட்டம் அவகாசம் தருகிறது. இதில் அவசரம் இல்லை, முதலில் பதிவு வரட்டும்.

காப்புறுதி ஏன் கைவிரித்தது

"எல்லா ஆபத்தும் உள்ளடங்கும்" என்று முகவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். உறைந்த உணவுக்கான நிலையான வாசகங்களில் 'ஏ' வகை அப்படித்தான் தொடங்கும். உள்ளே போனால், வெப்பநிலை மாற்றத்தால் வரும் நட்டம் விலக்கப்பட்டிருக்கும். பிறகு சில சந்தர்ப்பங்களில் மட்டும் அதைத் திரும்பச் சேர்ப்பார்கள்: குளிரூட்டும் இயந்திரம் பழுதாகி, தொடர்ந்து 24 மணித்தியாலத்துக்குக் குறையாமல் நின்றால், தீ, கப்பல் தரைதட்டல், வாகனம் புரளல் போன்றவை நடந்தால். ஜென்செட்டை ஓடவிடாதது இயந்திரப் பழுது அல்ல. சூடாக ஏற்றியதும் அல்ல. காப்புறுதிக் கம்பனி நிராகரித்த கடிதத்தில் எந்த வாசகம் என்று இலக்கம் போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எழுதிக் கேளுங்கள். பதிவில் 24 மணித்தியாலத்துக்கு மேல் இயந்திரம் நின்றது தெரிந்தால் கோரிக்கையைத் திரும்பத் திறக்கலாம்.

மச்சானும் 40 வீதமும்

இங்கேதான் உங்கள் எண்ணம் பிழை, அந்தப் பிழை உங்களுக்கே பாதகம். சி.ஐ.எஃப். மொன்றியல் என்றால் மொன்றியல் வரைக்கும் கப்பல் கூலியும் காப்புறுதியும் நீங்கள் கட்டுகிறீர்கள் என்றுதான் அர்த்தம். நட்டத்தின் பொறுப்பு கொழும்பில் சரக்குக் கப்பலில் ஏறியதுமே வாங்குபவருக்குப் போய்விடுகிறது. கடலில் நடந்த நட்டத்துக்கு அவர் உங்களுக்கு முழு விலையும் தந்துவிட்டு, காப்புறுதியிடமோ கப்பல் கம்பனியிடமோ தானே கேட்டு வாங்க வேண்டும். காப்புறுதியின் பலனும் பி.எல்.லும் அதற்காகத்தான் அவர் கைக்குப் போகின்றன. மாறாக, கொழும்புக்கு முதல் கெட்டது என்றால் அது உங்கள் தலையில்.

அதனால் அந்த முழுப் பதிவு வரும்வரைக்கும் 40 வீதத்துக்குச் சண்டை போடவேண்டாம். அது வராமல் நீங்களும் அவரும் ஆளுக்கொரு ஊகத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். காசு கேட்டால் உறவு அறுந்துவிடும் என்கிறீர்கள். அவரை எதிர்ப்பக்கம் நிறுத்தாதீர்கள், கப்பல் கம்பனியிடம் கோர அவருடைய கையெழுத்து வேண்டும். சரக்கு எடுத்த பற்றுச்சீட்டு, படங்கள், குறைந்த விலைக்கு விற்ற கணக்கு, கொட்டியதற்கான குப்பை நிறுவனத்தின் பற்றுச்சீட்டு எல்லாம் அவரிடம்தான் இருக்கும். (உருகி மறுபடி உறைந்த இறாலை விற்றது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கனடாவில் உணவு இறக்குமதி உரிமம் அவர் பெயரில் இருக்கிறது, அந்தக் கணக்கை எழுத்தில் போட முதல் அவர் அங்கே ஒரு சட்டத்தரணியிடம் கேட்பது நல்லது.) முடிவில் நட்டம் இருவருக்கும் பங்கு என்று வந்தால், அந்தப் பங்கை ஒரு பக்கக் கடிதத்தில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். சொந்தம் என்றபடியால்தான் சொல்கிறேன்.

வங்கிக்கும் எழுதுங்கள். ஏற்றுமதிப் பணம் மத்திய வங்கி குறித்த காலத்துக்குள் நாட்டுக்குள் வரவேண்டும். ஏழு மாதமாக ஒரு பகுதி வரவில்லை என்றால், காரணத்தை ஆவணங்களோடு நீங்களாகவே தெரிவிப்பது, அவர்கள் கேட்டுப் பதில் சொல்வதைவிட நல்லது.

அடுத்த பெட்டி

அடுத்த தடவை ஏற்றும் இடத்தை மாற்றுங்கள். முற்றத்தில் வைத்து ஏற்றாமல், குளிர்களஞ்சியம் உள்ள ஆலையில், கதவோடு கதவு பொருந்தும் மேடையில், விடியற்காலையில் ஏற்றுங்கள். அப்படியான மேடை இல்லாத இடத்தில் கொள்கலனை முன்கூட்டிக் குளிரூட்டி வைக்காதீர்கள். கதவைத் திறந்ததும் வெளி ஈரம் உள்ளே புகுந்து இயந்திரத்தில் ஐஸாகப் படியும். பொருளைத்தான் முன்கூட்டிக் குளிரூட்ட வேண்டும். ஒவ்வொரு வகையிலும் சில பெட்டிகளில் ஊசி வெப்பமானியைக் குத்தி நடுப்பகுதி மைனஸ் 18 என்று பார்த்து, படமும் எடுத்து வையுங்கள். இளகியதை ஏற்றாதீர்கள், லொறி பிந்தினால் அந்தச் சரக்கு இல்லாமலே போகட்டும்.

உள்ளே சுவரில் கீறியிருக்கும் சிவப்புக் கோட்டுக்குமேல் அடுக்கக்கூடாது, கதவுப் பக்கத் தரைக் கம்பிகள் முடியும் இடத்தைத் தாண்டவும் கூடாது. உறைந்த சரக்குக்குக் காற்றுத் துவாரம் மூடியே இருக்கவேண்டும். கப்பலில் இடம் பிடிக்கும் படிவத்தில் "மைனஸ்" என்று எழுத்தாலும் எழுதுங்கள். கோடு விடுபட்டு 18 என்று வைத்த கொள்கலன்களும் உண்டு. இரண்டு டேட்டா லொகர் (வெப்பநிலையைத் தானாகப் பதியும் சிறு கருவி) வாங்கி, ஒன்றைக் கதவுப் பக்கப் பெட்டியிலும் மற்றதை நடுவிலும் போடுங்கள். அவை இந்தத் தடவை இருந்திருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது. ஜென்செட் ஓடுவதை யாழ்ப்பாணத்தில் ஒரு படம், கொழும்பு வாசலில் ஒரு படம் எடுத்து அனுப்பும்படி சாரதியிடம் சொல்லுங்கள். பி.எல்.லில் "ஒரு கொள்கலன்" என்று மட்டும் விடாமல் பெட்டிகளின் எண்ணிக்கையையும் போடச் சொல்லுங்கள். நட்டஈட்டின் உச்சவரம்பு பொதி ஒன்றுக்கு இவ்வளவு என்றோ கிலோ ஒன்றுக்கு இவ்வளவு என்றோ பார்த்து, கூடியதைத்தான் எடுப்பார்கள்.

காங்கேசன்துறையால் அனுப்ப முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பல் ஓடினாலும், ரீஃபர் கொள்கலன் கப்பல் வந்துபோகும் துறைமுகம் இல்லை அது. இப்போதைக்குக் கொழும்புதான். ஆட்டிறைச்சிக் கறி அனுப்பும் யோசனையை விடுங்கள். இறைச்சிக்கு வாங்கும் நாடு அங்கீகரித்த நாட்டில், அங்கீகரித்த ஆலையில் இருந்துதான் போகவேண்டும், மச்சான் விரும்புகிறார் என்பதற்காகப் பெட்டியில் வைத்தால் முழுக் கொள்கலனும் மாட்டும்.

"கதவுப் பக்கம் குளிர் குறைவுதானே, அங்கே கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வைக்கலாமா" என்ற கேள்வியை வாசித்துச் சிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். ஒரு கொள்கலனுக்கு ஒரே வெப்பநிலைதான். மாம்பழத்துக்கு வேண்டியது 10 முதல் 13 பாகை, காற்றோட்டமும் திறந்திருக்க வேண்டும். மைனஸ் 18 இல் அது கல்லாகும், ரொறன்ரோவில் கரைந்து கூழாகும். பழமாக அனுப்ப ஆசை என்றால் கட்டுநாயக்கவால் விமானத்தில் சிறு தொகையாக அனுப்பிப் பாருங்கள். கப்பலில்தான் என்றால் சாறு பிழிந்து, பையிலிட்டு, ஆலையில் வைத்து உறையவைத்து அனுப்பலாம்.